இரண்டடிக் கயிறு

இன்று காலை கொடிக்கயிறு அறுந்து, துவைத்துப் போட்ட மூன்று புடவையும் சேற்றில் விழுந்தன. கயிற்றைத் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். நீளம் போதாமல் ஒரு துண்டை முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்த இடத்தில் விட்டிருக்கிறது. அந்தத் துண்டு நான் திருடியது. அப்புறம் யாரைத் திட்ட?

அக்கா போய் நாலு மாதம் ஆகிறது. டைபாய்டு. கரமனையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். எங்கள் ஊரில் வாத்தியார் பெண்ணாக இருந்தாலும் 'சார்'தான். தலையில் பிச்சிப்பூ வைத்த சாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் நாலாம் கிளாஸில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தவள். சாருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் உத்தியோகம்.

அவள் வேலை அப்போது தற்காலிகம். இன்ஸ்பெக்டர் பார்த்து நல்லதாக எழுதினால்தான் நிலைக்கும். அவருக்குக் காட்டத்தான் கீரைத்தோட்டம் போட்டாள். கயிறு இருபத்துநாலு அடி. அதைச் சுற்றிவிட்டு, உள்ளே எப்படி வேண்டுமானாலும் பாத்தி போடலாம். சதுர அடிக்கு ஒரு கன்று. முன்பெஞ்சுப் பையன்கள் பேராசையில் பதினோரு அடி நீளத்துக்கு இழுத்தார்கள். அகலம் ஓரடி. பாம்பு படுத்த மாதிரி இருந்தது. கிடைத்தது பதினோரு கன்று. பின்பெஞ்சுப் பெண்கள் ஆறுக்கு ஆறு சதுரம் போட்டு முப்பத்தாறு வாங்கிவிட்டார்கள்.

"சாரே, இது கள்ளக்களி! கயறு ஒண்ணுதானே?"

"கயறு ஒண்ணுதான்டா, அது சுற்றளவு. உள்ளே எத்தனை கொள்ளும்ங்கறது பரப்பளவு. கள்ளத்தனம் கயத்துலே இல்லே, உன் மண்டையிலே."

ஜெயித்த சதுரத்துக்கு மறுநாள் அதே கயிற்றால் ஓலை வேலி கட்ட ஏற்பாடு. அன்று சாயங்காலம் கயிறு அக்காவோடு வீட்டுக்கு வந்தது. எங்கள் கொடிக்கு இரண்டடி போதாமல் இருந்தது. வெட்டிக்கொண்டேன்.

மறுநாள் நான் சோறு கொண்டுபோனபோது வேலியின் ஒரு மூலை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"நேத்து செரியா இருந்துதேடீ!"

"வெயில்லே சுருங்கியிருக்கும்க்கா."

நம்பிவிட்டாள். நம்பியதோடு விட்டாளா, பிள்ளைகளுக்கும் பாடமாகச் சொல்லிவிட்டாள். கயிறு வெயிலில் இரண்டடி சுருங்கும் என்று கரமனையில் இன்றும் ஒரு கிளாஸே நம்பிக்கொண்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலை, அந்த மூலை வழியாக ஓர் ஆடு புகுந்து மொத்தத்தையும் மேய்ந்துவிட்டது. சோற்றுத் தூக்கோடு ஜன்னலோரம் நின்ற எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வெறும் மண்ணைக் காட்டி, "எந்தாடா இது?" என்று முன்பெஞ்சுப் பையனைக் கேட்டார்.

"ஆடு கேறாம தடுக்கறது சுற்றளவு சாரே. ஆடு தின்னது பரப்பளவு."

"அப்போ ஆடு எத்ர தின்னு?"

"முப்பத்தாறு சதுர அடி!" அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் கக்கத்துக் குடை கீழே விழுந்தது. நல்லதாகவே எழுதிவிட்டுப் போனார். வேலை நிலைத்தது. ஆனால் அக்கா வீடு வரும்வரை அதே கேள்விதான்: "இருந்தாலும், கணக்கு எங்கேடி தப்பாப் போச்சு எனக்கு?"

அப்புறமும் எத்தனையோ தடவை கேட்டாள். ஜுரம் விட்டதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது புதுக் கட்டிடம், தரையெல்லாம் சிமெண்ட். மறுமுனையையும் அவிழ்த்து, திருட்டுத் துண்டை எங்கள் கொல்லை மண்ணில் சதுரமாக வளைத்துப் பார்த்தேன். அரையடிக்கு அரையடி. விரல்விட்டு மூன்று தடவை எண்ணினேன். கால் சதுர அடி வருகிறது. ஒரு கீரைக்கன்றுக்குக்கூட இடமில்லை.

கணக்கு சரிதானா என்று கேட்க, சார் இல்லை.