தண்ணி வர்ற நேரத்துக்கு வாங்க

மாசசூசெட்ஸில் ஒரு சிறிய ஊரில், மார்த்தா என்ற எழுபது வயதுப் பெண்மணியின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். தெருவில் யாரோ ஒரு காரின் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். உள்ளே வந்து பின்பக்க ஜன்னல் வழியாக ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். மார்த்தா பாதி திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டு, காபி வேண்டாம் என்று சொல்கிற குரலில், "நோ, தேங்க் யூ" என்றார். அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் கீழே இறங்கி வந்தேன். அந்தப் போலீஸ்காரர் மேல் கோபமா என்று மார்த்தாவிடம் கேட்டேன். இல்லை, நல்ல பையன், என் தங்கை மகனோடு படித்தவன் என்றார். "அப்படியானால் உள்ளே எதையாவது மறைத்து வைத்திருக்கிறீர்களா?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். அதன் பிறகு ஒரு வாரம் மார்த்தா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் ஊரில் மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் கதவைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் அதுவே குற்றம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீரில் நெல் விளையும் கிராமம் அது. அம்மா தோப்பு வீட்டுக்காரரின் வயலில் வேலை பார்த்தாள். அறுப்பு இல்லாத மாதங்களில் அவர் வீட்டு முற்றத்தையும் தொழுவத்தையும் கூட்டினாள். அறுப்புக் காலத்தில், சாயங்காலம் களத்தை விட்டுக் கிளம்பும்போது பெண்கள் வரிசையாக நின்று சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நெல்மணிகூட ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது. ஆண்களை யாரும் உதறச் சொன்னதில்லை. அம்மா அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கால் கழுவுவது மாதிரி, வேலை முடிந்ததும் செய்கிற ஒன்று.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது சுதந்திர தினத்துக்குத் தோப்பு வீட்டுக்காரர்தான் எங்கள் பள்ளியில் கொடியேற்றினார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். விடுதலை என்றால் என்ன என்று நன்றாகவே பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். அதே வாரத்தில் அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலி காணாமல் போனது. ஆட்களோடு எங்கள் வீட்டுக்குள் செருப்புக் காலோடு வந்தார். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். அம்மாவின் தகரப் பெட்டியைத் தெருவில் கொட்டினார்கள். ஒருவன் என் வரலாற்றுப் புத்தகத்தை அட்டையைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கினான்.

"ஏலே, புஸ்தகத்துக்குள்ள சங்கிலி இருக்குமால?" என்றான் இன்னொருவன்.

"படிக்கிற புள்ளைல்லா, எங்கன வேணும்னாலும் ஒளிக்கத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தான் உலுக்கியவன். தோப்பு வீட்டுக்காரரும் சிரித்தார்.

அப்போது அம்மா, யாரும் கேட்காமலே, எங்கள் வீட்டுக்கு நடுவில் நின்று மடியை உதறிக் காட்டினாள். தெரு முழுவதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் விழவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யாருடைய கொலுசு காணாமல் போனாலும், தெருக்குழாயடியில் நடக்கிற பேச்சு அம்மா வந்ததும் நின்றுவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கே அமெரிக்காவின் தொடக்ககால வரலாற்றில் ஆய்வு செய்துகொண்டு, இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு எதற்கு இந்த ஊர்ப் பழங்கதை என்று சிலர் கேட்பதுண்டு. ஆர்வம் என்று சொல்லி வைப்பேன். கோபம்தான் காரணம். இங்கிலாந்து அரசனின் சுங்க அதிகாரிகள் ஒரு பொது உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாஸ்டனில் எந்த வீட்டுக்குள்ளும் புகுந்து கடத்தல் சரக்கைத் தேடினார்கள். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் புரட்சியாக வெடித்தது. புரட்சி செய்தவர்கள் பிறகு எழுதிய சட்டம், எந்த வீடு, என்ன பொருள் என்று குறிப்பாகச் சொல்லாமல் தேடுதல் உத்தரவு கொடுக்கக் கூடாது என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கடல் கடந்து இங்கிலாந்துக்கு இழுத்துப்போய் விசாரிக்கப் பார்த்ததும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தப்பு எங்கே நடந்ததோ அங்கே, அக்கம்பக்கத்து ஆட்கள் முன்னால்தான் விசாரணை என்றார்கள். இதையெல்லாம் முதலில் படித்தபோது எனக்குள் ஒரு அரிவாள் தீட்டப்படுவது போல இருந்தது. பிறகு மீதியையும் படித்தேன். அந்த விடுதலையைப் பேசியவர்களில் பலருக்கு அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளின் குடிசைக்குள் ரோந்துக்காரர்கள் எந்த உத்தரவும் இல்லாமல் நுழையலாம். அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கொடிக்கம்பத்தடியில் நின்ற அந்த வெள்ளை வேட்டிதான் என் கண்ணில் நிற்கும்.

போன இலையுதிர்காலத்தில் தோப்பு வீட்டுக்காரரே அமெரிக்கா வந்தார். அவர் மகள் பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஊட்டியில் விடுதியில் தங்கிப் படித்தவள், எங்கள் தெருவை அவளுக்குத் தெரியாது. நம்ம ஊர்ப் பெண் இங்கே பெரிய படிப்பு படிக்கிறாளாமே, அப்பா பார்க்க ஆசைப்படுகிறார் என்று போன் செய்தாள். வரச் சொன்னேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி அடித்ததும் கீழே போய்க் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டேன். குளிர்கோட்டுக்குள் ஆள் சிறுத்துப்போயிருந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். இடது காலை உள்ளே எடுத்து வைக்கப் போனார்.

"நில்லுங்க அண்ணாச்சி. என்னத்தத் தேடி வந்திருக்கீங்க?" என்றேன். ஊரில் முதலாளி என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறேன்.

மகள் சிரித்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"அதயா இன்னும் மனசுல வச்சிருக்க? அந்தச் சங்கிலி அப்பமே கெடச்சிட்டே. இவ அம்மா மெத்தைக்கு அடியில வச்சிட்டு மறந்திருக்கா."

"எப்ப கெடச்சுது?"

"அடுத்த நாளே கெடச்சிட்டு."

எத்தனை வருடங்கள். அதே தெருவில் தினமும் நடந்துபோன மனிதர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, அவர் வாய்க்கு முன்னால் நீட்டினேன். "இப்பம் எங்கிட்ட சொன்னத எங்கம்மாட்ட சொல்லுங்க."

சொன்னார். குரல் தணிந்துதான் வந்தது. சங்கிலி வீட்டிலேயே கிடைத்ததையும் சொன்னார், தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா பதறிப்போய், வாசலில் நிற்க வைக்காதே, உள்ளே கூப்பிடு என்று என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"அத எதுக்கு அங்கன நின்னு எங்கிட்ட சொல்லுதீங்க, மொதலாளி?" என்றாள் அம்மா. "நா எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கு வந்ததும் நம்ம தெருவுல வந்து சொல்லுங்க. காலைல தண்ணி வர்ற நேரத்துக்கு வாங்க. அப்பந்தான் எல்லாரும் கொடத்தோட நிப்பாவ."

அம்மா போனை வைத்துவிட்டாள். கடல் கடந்து இழுத்துப்போய் விசாரிக்கப் பார்த்த அரசனைப் பற்றி வகுப்பெடுக்கிற நான்தான் அவரை என் வாசலில் நிறுத்தி, யாரும் கேட்காத இடத்தில் விசாரித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்காகக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிடவில்லை. மகள் அவர் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிப் படியில் வைத்தாள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அவர் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் வரவில்லை. ஆனால் அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். மொதலாளி வந்து பேசப் போறாவளாம் என்று பெண்கள் தினமும் காத்திருக்கிறார்கள். அவர் எங்கள் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டு, வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போகிறாராம். முட்டி வலியோடு அந்தக் கரையில் ஏறி இறங்குகிறார் என்று அம்மா சொன்னபோது எனக்கு இரக்கம் வரவில்லை. நடக்கட்டும்.

அங்கே காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது இங்கே எனக்கு ராத்திரிச் சாப்பாட்டு வேளை. அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போன் போடுவாள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குடங்கள் இடிபடும் சத்தத்தையும் "வந்தாவளா?" "இன்னைக்கும் காணோம்" என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நேற்று அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது தட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, வந்துட்டாரா?" என்று கத்திவிட்டேன். தட்டியது மார்த்தா. என் அறைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.