மூடாமல் போன மெயில்

துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ரபீக்காவின் நெற் கஃபேயில் மூன்று கொம்பியூட்டர்கள். வெயில் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடல் கொம்பியூட்டர் திரைகளிலும் வந்து மிதக்கும். சண்டை வேறு ஏதோ நாட்டில் நடப்பதுபோல் இருக்கும். மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு கூவியதும் அந்த மயக்கம் கலைந்துவிடும். கடற்படைச் சோதனைக்கு வரிசை பிடிக்க வேண்டுமே. மெயிலை மூடாமலே எல்லோரும் விழுந்தடித்து ஓடுவார்கள்.

ரபீக்கா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக மூடுவாள். அடுத்தவர் படுக்கையறைக்குள் கால் வைக்கிற கூச்சம் அவளுக்கு. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டும். ஊரே ஒருவரையொருவர் வேவு பார்த்த காலத்தில் நம்பி உட்கார ஒரு கதிரையாவது இருந்தது.

அவள் புருஷன் ஹிஸ்புல்லா கட்டாரில் வேலை. கடை ஃபோனில் நாலு பேர் காதுபடப் பெண்சாதியோடு கதைக்க வெட்கப்படுகிறவன், எல்லாம் மெயிலில்தான். பெருநாளுக்குப் பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ரபீக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கட்டைபறிச்சான் ஊர்த் தங்கரத்தினம் லோஞ்சுக்கு ஓடிய பிறகு, அவள் விட்டுப்போன திரையில் ஹிஸ்புல்லாவின் பெயர் கண்ணில் பட்டுவிட்டது. தங்கரத்தினத்தின் கணவன் சின்னராசாவும் கட்டாரில் ஹிஸ்புல்லாவின் கம்பனிதான். ஒரு வரி வாசித்தால் போதும். யார் பார்க்கப் போகிறார்கள்? லோஞ்ச் சிறுத்துச் சிறுத்து மறையும்வரை கடலையே பார்த்திருந்துவிட்டு, மெயிலை மூடினாள். மூடிவிட்டு அழுதாள்.

அடுத்த கிழமை தங்கரத்தினம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"வாசிச்சீங்களா ராத்தா?"

"இல்ல. உங்கட மெயில நான் ஏன் வாசிக்கிற?"

தங்கரத்தினம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாயால சொல்ல ஏலாமத்தான் திறந்து வச்சிட்டுப் போனனான்."

"இப்ப சொல்லுங்க."

"மெஷினுக்குள்ள உங்கட அவருக்கு ரெண்டு கையும் நசிஞ்சிட்டுதாம். உயிருக்கு ஒண்டுமில்ல. நான் எழுதித் தாறன் எண்டு எங்கட ஆள் எத்தினையோ தரம் கேட்டவராம். பெண்சாதிக்குச் சொல்லுறத இன்னொருத்தனிட்ட எப்பிடிச் சொல்லுற எண்டு மறுத்திட்டாராம்."

ரபீக்கா எழுந்து, கடையில் இருந்தவர்களையெல்லாம் வெளியே நிற்கச் சொன்னாள். தங்கரத்தினத்தையும்தான். கதவைச் சாத்திவிட்டு, தங்கரத்தினம் தந்த சின்னராசாவின் நம்பரை அழுத்தினாள்.

"தம்பி, ஃபோன அவருக்குக் கிட்ட ஸ்பீக்கரில வச்சிட்டு, நீங்களும் கொஞ்சம் வெளியில போங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இஞ்ச ஒருத்தரும் இல்ல," என்றாள் ரபீக்கா. "கதைங்க."