கழுவிக் கழுவி

மேகமலையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் எஸ்டேட் துரையின் பங்களா. இங்கிலாந்து மகாராணி ஆண்ட காலத்தில் கட்டியது. செங்குத்தான கூரை, ஜன்னல் வளைவுகளில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி, அறைக்கு அறை குளிர்காயக் கணப்பு அடுப்பு. துரை சாப்பிட்ட கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. அவர் படுத்த அறையில் நான்காம் வகுப்பு. மான்கொம்பு மாட்டியிருந்த ஆணியில் என் கரும்பலகை தொங்கியது. அவர் குளித்த பீங்கான் தொட்டிக்குள் சத்துணவு அரிசி மூட்டை! வெயில் ஏறினால் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு விழும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாய்ப்பாட்டைக் கோட்டை விடுவார்கள். அதட்டுவேன். எனக்கும் அந்தச் சிவப்பு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

தரை முழுக்க மரப்பலகை. எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள், அதாவது என் பிள்ளைகளின் அம்மாக்கள், வெள்ளிக்கிழமை தேயிலைக் கொழுந்தெடுத்து முடித்ததும் குடமும் விளக்குமாறுமாக வந்துவிடுவார்கள். சரஸ்வதி குடியிருக்கிற இடமாம், கழுவாமல் விடலாமா? தங்கள் வீட்டைக் கழுவாவிட்டாலும் இதைக் கழுவுவார்கள். குடம் குடமாக ஊற்றித் தேய்த்து, வாசற்படியில் மஞ்சள் பூசிக் கோலம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். எத்தனையோ வருஷத்துப் பழக்கம் அது. நான் வருவதற்கு முன்பிருந்தே நடந்தது.

போன வருஷம் தேனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டினார். "இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். திங்கக்கிழமை வந்து தரையச் சோதிச்சுப் பாப்போம். தாங்கலைன்னா ஸ்கூல மூடித்தான் ஆகணும்" என்றார்.

மூடினால் அடுத்த பள்ளிக்கூடம் சின்னமனூரில். அந்தப் பாழாய்ப்போன ரோட்டில் தினம் யார் இறக்கி ஏற்றுவது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை எந்தத் தாய் ஊரான் வீட்டில் விட்டுவிட்டு வருவாள்? படிப்பை நிறுத்துவார்கள், வேறென்ன. சாமி படத்துக்கு முன்னால் நின்று, கும்பிடக்கூடத் தோன்றாமல், சண்டை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டு வந்துவிட்டது. "ஆபீசர் வாராக, தரை பளபளன்னு இருக்க வேணாமா டீச்சர்?" என்று தேங்காய் நாரும் சோப்புத்தூளுமாக இறங்கினார்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் சுமந்தேன். அன்றைக்கு அந்தக் கூடம் கண்ணாடி மாதிரி மின்னியது. இனி பயமில்லை என்றே நம்பினேன்.

திங்கட்கிழமை காலையில் இன்ஜினியர் கோலத்தைப் பார்த்து, ஷூவைக் கழற்றிவிட்டு நல்ல மனுஷராகத்தான் உள்ளே வந்தார். கணப்பு ஓரத்தில் கால் வைத்தார். பலகை முறிந்து முழங்கால் வரை இறங்கிவிட்டது. ஐயோ என்று ஓடிப் பிடித்துத் தூக்கினோம். அடி ஒன்றும் இல்லை. அவர் குனிந்து, கீழே இருந்த உத்திரத்தைக் கையால் அள்ளினார். டீயில் ஊறின ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது.

"கூரை ஒழுகலையே டீச்சர். இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு? மரத்தரைய ஈரத்துணியால துடைக்கலாம், தண்ணி ஊத்தவே கூடாது. யாராச்சும் ஊத்துறாங்களா?"

வாசலில் அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய மெல்லிய குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே பூட்டிவிட்டார்கள்.

இன்ஜினியரின் ஜீப் கிளம்புமுன் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் மகள் ஒன்றாம் வகுப்பு.

"ஏன் டீச்சர், அந்த அடுப்பு மூலையில அழுக்கு இருந்துச்சா? நாந்தான் அங்கன தேச்சேன். இன்னொரு தரம் நல்லாக் கழுவித் தாரோம்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பாக."

"அழுக்கே இல்ல ஆத்தா. சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் நம்பவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள்.