வலப்பக்கத்துப் போக்ஸ் கம்பிகள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். அதிலும் எழுத வந்திருப்பது ஒரு சைக்கிள் சக்கரத்தைப் பற்றி. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவியிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் கார்களுக்கு இரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் தரம் பார்க்கும் ஆள். காலை ஆறு மணி ஷிஃப்ட், இரண்டரைக்கு முடியும். என் மனைவி வாலாஜாபாத் ரோட்டில் வேறொரு கம்பெனியின் கேண்டீனில் மூன்றரை மணியிலிருந்து பாத்திரம் கழுவுகிறாள். இரண்டு பேருமே காண்டிராக்ட். கம்பெனி பஸ் எங்களுக்குக் கிடையாது. மோட்டார் வண்டி ஓட்ட எனக்குப் பயம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பீகார்க்காரரிடம் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். தடித்த டயர், நீல நிறம். பின்னால் ஒரு கேரியர் பொருத்திக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் அந்த ஒரு சைக்கிள்தான். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், ரோடுகள் சேரும் கூட்ரோட்டு டீக்கடை எதிரில் நான் இறங்குவேன், அவள் ஏறுவாள்.

"காத்து பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். ஓரமா போ."

இதற்கு மேல் அங்கே நாங்கள் பேசியதில்லை. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, போன் வைத்த பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிப்போகும் நீள லாரிகள் அவளைத் தாண்டும்போது ஒரு கணம் அவள் தெரியமாட்டாள். லாரி போன பிறகு மறுபடி தெரிவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு நடப்பேன்.

வாங்கிய முதல் வாரமே பழக்கமில்லாமல் கியரை மாற்றினேன். செயின் பெரிய பல் சக்கரத்தையும் தாண்டி உள்ளே விழுந்து பின் சக்கரத்துக் கம்பிகளில் மாட்டிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துப் போட்டு, அன்றே அதை மறந்தும் போனேன்.

ஒரு மாதம் கழித்து, விடியாத சர்வீஸ் ரோட்டில் பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் செயின் பக்கம் ஒரு போக்ஸ் கம்பி, சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பில் வளைகிற இடத்தில் அறுந்திருந்தது. சக்கரம் கோணிப்போய் ரிம் பிரேக் கட்டையில் உரசியது. பிரேக் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தினேன். சக்கரம் சுற்றியது. நேரத்துக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டிவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஒரகடத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் சிரித்தார். "ஒரு கம்பிதான்ணா. மாட்டி, கோட்டம் எடுத்துட்டா புது வண்டி. இதுக்குப் போயி பொண்டாட்டி கோச்சினு போன மாரி நிக்கிறியே!"

பத்து நாளில் அடுத்தது. அதே பக்கம், அதே இடம். பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகும் ஒன்று.

கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே குறை மூன்றாம் முறை வந்தால் லைனை நிறுத்திவிட வேண்டும். அந்த லாட்டில் செய்த பாகங்கள் முழுவதற்கும் சிவப்பு அட்டை கட்டி ஓரம் வைக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது நடந்ததை நோட்டில் எழுதி, அடுத்து வருகிற ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பதினோரு வருடமாக நான் செய்கிற வேலை அது. ஆனால் கூட்ரோட்டில் தினமும் சைக்கிளைக் கைமாற்றும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் ஆகாது என்று தெரிந்தால் அவள் வேலைக்குப் போக வழியில்லை. அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் அவள் சிரித்துப் பேசுவதைக் கேட்டேன். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் துடைக்கும்போது வலப்பக்கம் பளபளப்பான புதுக் கம்பிகளை எண்ணினேன். நான் மாட்டியது நான்கு. அங்கே ஏழு இருந்தது. முதலிலேயே பீகார்க்காரர் மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணிப் பார்ப்பதே என் பிழைப்பு. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

பின் பிரேக் நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆனது. நான் முன் பிரேக்கைப் பிடித்து ஓட்டினேன். முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று அவள் அதைத் தொடவே மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த நாள் காலையில் மறுபடி 'டிங்'. அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, ஒயரை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். மத்தியானம் ஒரகடம் கடை பூட்டியிருந்தது. மணி இரண்டே முக்கால். அவள் டீக்கடை எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல. ஓரமா போ."

அவள் போனாள். ஒரு லாரி மறைத்தது, போனது, அவள் தெரிந்தாள்.

ராத்திரி நானே மாட்டிவிடலாம் என்று ஒரு கம்பி வாங்க, அங்கிருந்தே வாலாஜாபாத் ரோட்டில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு மெக்கானிக் கடைக்கு நடந்தேன். அதுவரை நான் அங்கே போனதில்லை. மெக்கானிக் அளவு கேட்டார். நீலச் சைக்கிள், தடித்த டயர், பின்னால் கேரியர் என்று அடையாளம் சொன்னேன்.

"ஓ, அந்த அக்கா வூட்டுக்காரரா நீ? அஞ்சு தபா எட்டாந்துட்டாங்களே. முந்தாநேத்து கூட ஒண்ணு மாட்னேன்."

"நானும் நாலு மாட்டிட்டேங்க. வேற கடையில."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்தப் பக்கம் மொத்தமே பதினெட்டு கம்பிதான்ணா. செயின் உள்ள வுயுந்து அத்தினியும் கடிச்சிகீது. மீதி இருக்கிறதும் அறுந்த மாரிதான். மொத்தமா மாத்திடு அக்கான்னு அன்னிக்கே சொன்னேன். வூட்ல கேட்டு சொல்றேன்னாங்க. வண்டி எங்க?"

"அவகிட்ட."

"போன் போடுணா மொதல்ல!"

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். ரோட்டோரம் வந்து நின்றேன். ஏதாவது ஒரு வண்டியை நிறுத்தி ஏறியிருக்க வேண்டும். என் கை பாதிதான் எழுந்தது. தெரியாத ஆளிடம் என்னவென்று கேட்பது என்ற கூச்சம். பைக், வேன், பைக் என்று ஒவ்வொன்றாய்ப் போனது. மெக்கானிக்தான் பின்னாலேயே வந்து, ஒரு ஷேர் ஆட்டோவின் குறுக்கே நின்று மறித்து, என்னை உள்ளே தள்ளினார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு கம்பெனிக்குள் திரும்புகிற இடத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றிருந்தது. விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லாரியின் அந்தப் பக்கம் என்ன என்று இங்கிருந்து தெரியவில்லை. ஆட்டோக்காரர், "யாரோ வுயுந்துகினாங்க போல" என்றார். இறங்கி லாரியின் நீளம் முழுவதும் நடந்தேன். ஓட என்னால் முடியவில்லை. சக்கரங்களுக்கு நடுவில் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முன்பக்கம் வந்ததும் டிரைவரின் குரல் கேட்டது. "ஏம்மா, வூட்ல சொல்லிகினு வந்தியா? நான் பிரேக் அட்சதால பொயச்ச நீ!"

ரோட்டோரம் கொட்டியிருந்த எம்-சாண்ட் மணல் குவியலில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தாள். கேட் வாட்ச்மேன் ஒருவர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் லாரியின் பம்பருக்கு முன்னால் கிடந்தது. பின் சக்கரம் எட்டுப் போல முறுக்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "லாரி திரும்புச்சிங்க. பிரேக்க புடிச்சேன். புடிக்கவே இல்ல. ஹேண்டில மண்ணு பக்கம் ஒடிச்சி வுட்டேன். சக்கரம் மடங்கிடுச்சி."

நான் பின் பிரேக் ஒயரைப் பார்த்தேன்.

"கம்பி அறுந்து சக்கரம் ஒரசும்போதெல்லாம் ஒயர கொஞ்சமா தளத்திக்குவேன். கொஞ்சந்தாங்க. சொன்னா வேலைய வுட்டுடுன்னுவீங்கன்னு..."

"நானும் தளத்தினேன்" என்றேன். "இன்னிக்கி காலைல கூட."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஓரமா போன்னு மட்டும் சொன்னீங்களே" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். டிரைவர் சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு லாரியை எடுத்தார். அது எங்களைத் தாண்டி உள்ளே போக வெகுநேரம் ஆனது.

மறுநாள் நான் நடந்தே வேலைக்குப் போனேன். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவள் வீட்டில் இருந்தாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகக் கேண்டீனிலிருந்து மத்தியானம் போன் வந்தது.