இருசாயி கையில் குத்திய சாமை

என் அக்கா இருசாயி காய்ச்சலில் போனது முப்பத்து நாலாம் வருஷம். குழியில் இறக்கும்போது செத்தவர் கையில் ஒரு பிடி விதைச்சாமை வைத்து மூடுவது மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் வழக்கம். போகிற இடத்திலும் வெள்ளாமை செய்துதானே சாப்பிட வேண்டும். வைத்தவன் அவள் புருஷன் முத்தன்.

மூன்றாம் நாள் பேயறைந்தவன் போல என்னிடம் ஓடி வந்தான். விதைப்பானையின் கட்டு அவிழ்க்காமலே இருந்ததாம். அழுத கண்ணோடு அவன் கை விட்டது, சோற்றுக்கு உமி போகக் குத்தி வைத்திருந்த பானையில்.

"குத்துனது மொளைக்குமா மாப்ளே? அங்க போயி அவ எதை வெதைப்பா?"

எனக்கு எரிச்சல். "செத்தவளுக்குக் காடேது, மேடேதுங்க மச்சான்? மண்ணுக்குள்ள போனா மண்ணுதான்."

சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை அவள் பட்டினி கிடப்பாளே என்று பயந்தவன், அப்போதிருந்து அவளே இல்லையோ என்று பயந்தான்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு அவள் குழிக்குப் போய்விட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தான். குழியில் குதித்து அவன் கையைப் பிடித்தேன்.

"நீ சொன்னது நெசமா?" என்றான்.

"எனக்குத் தெரியாதுங்க மச்சான்."

பிறகு மண்ணைத் திரும்பத் தள்ளினான்.

அதற்கப்புறம் கண்டவரையெல்லாம் கேட்டான். சாமிகிட்டே இருக்கிறாள் என்றார் பூசாரி. மறுபடி பிறந்திருப்பாள் என்றார் மிளகு வாங்க வரும் அடிவாரத்து வியாபாரி. அன்றுமுதல் எந்த வீட்டில் பெண்குழந்தை பிறந்தாலும் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவான். நாங்கள் சிரிப்போம்.

இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. அறுப்புக்கு அறுப்பு அதில் புது விதைச்சாமை மாற்றுவான்.

"நான் செத்தா ரெண்டு பிடி வைக்கோணும் மாப்ளே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு."

"அங்க அவ இல்லாட்டி?"

"இல்லாட்டி நானுந்தான் இருக்கமாட்டேன். அப்புறம் பசி யாருக்கு?"

பதினோரு வருஷம் கழித்துப் பலாமரத்திலிருந்து விழுந்து செத்தான். சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு கையிலும் வைத்து விரல்களை மடக்கியது நான்தான். மண் தள்ளச் சொன்னார்கள். கொஞ்சம் இருங்கள் என்றேன். பையில் ஒட்டியிருந்த ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். உமி இருந்தது. மனசு கேட்காமல் இன்னொன்றையும் எடுத்துக் கடித்தேன்.