ஆறுமுகசாமியின் மடி

வலது மடியில் கருப்பட்டி, இடது மடியில் நெத்திலிக் கருவாடு. இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்பதில் ஆறுமுகசாமிக்குக் கண்டிப்பு உண்டு. அவரிடம் இருக்கும் ஒரே கண்டிப்பு அதுதான். கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலிருந்து திரும்பி வடகரப்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வேட்டிச் சுருட்டலை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தில் நடக்கத் தொடங்குவார்.

பாதித் தடத்திலேயே வேலிக்குள்ளிருந்து சாம்பல் நிறப் பூனை ஒன்று வரும். அதற்குச் சாம்பலாத்தாள் என்று பெயர் வைத்திருக்கிறார். சாம்பலாத்தாள் ஓடி வருவதில்லை. நடுத்தடத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முகத்தை ஒரு தடவையும் இடது மடியை இரண்டு தடவையும் பார்க்கும். கருவாட்டை வாங்கிக்கொண்டதும், நன்றி என்று தோன்றக்கூடிய எதையும் செய்யாமல் வேலிக்குள் போய்விடும்.

அடுத்தது நாய். தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டு, வருகிறவர்களின் பையை மோந்து பார்த்த பிறகே எழுந்து வழிவிடும். ஆகையால் அதன் பெயர் செக்போஸ்ட். அதற்குச் சாயாக்கடையில் வாங்கிய பொரை ரொட்டி. காளைகள் இரண்டுக்கும் வாழைப்பழத் தோல். தோலுக்காகப் பழம் வாங்கி, பழத்தைப் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். வீட்டு வாசலை அடையும்போது இடது மடி தட்டையாகியிருக்கும். மயிலாத்தாள் வாங்கி வரச் சொன்ன சீரகம் சந்தையிலேயே இருக்கும்.

ஆள் நல்ல உயரம். காதுவரை போகிற மீசை. இரண்டு ஏக்கர் நிலக்கடலையும் கொஞ்சம் மிளகாயும் வைத்திருக்கிறார். மீசையைப் பார்த்து வட்டாரத்தில் புதிதாக வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பூனைகளுக்கும் நாய்களுக்கும் அந்த மரியாதை ஒருநாளும் தோன்றியதில்லை.

“உங்களுக்கு வாயில்லாச் சீவன் மேல வெகு பிரியமுங்க” என்று சாயாக்கடையில் யாராவது சொன்னால் அவசரமாக மறுப்பார்.

“பிரியமுமில்ல, ஒண்ணுமில்லீங்க. மூஞ்சிய நேராப் பாத்துக் கேட்டா இல்லேன்னு சொல்ல வாயி வராது. அம்புட்டுத்தான். சந்தையில கத்திரிக்கா விக்கறவ மூஞ்சியப் பாத்தா அதையும் வாங்கிப்போடுவன். நம்ம தோட்டத்துலயே கத்திரிக்கா கெடக்குது. அதனாலதான் சந்தைக்குள்ள தலையக் குனிஞ்சுட்டே போறதுங்க. என்னமோ தொலச்சவனாட்டம்.”

இந்தச் சீவன்கள் மதிப்பது தன்னையா, மடியையா என்று அவருக்கே ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டது. வெளுத்த வேட்டியை எடுத்து, மடியில் ஒன்றுமில்லாமல் கட்டிக்கொண்டு அதே தடத்தில் நடந்து பார்த்தார். சாம்பலாத்தாள் வந்தது, மோந்தது, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. செக்போஸ்ட் எழுந்திருக்கவே இல்லை. சொந்தத் தோட்டத்துக்குள் அவர் முள்வேலி தாண்டிப் போக வேண்டியதாயிற்று. வேட்டி கிழிந்தது. இந்தக் கதையை ஊருக்குள் பரப்பியவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

“மடிக்குக் கையுங்காலும் மொளச்சாப்பல ஒரு ஆளுங்க நானு” என்பார்.

அந்த மடியிலிருந்து அவர் தனக்கென்று எதையும் எடுத்துத் தின்றதில்லை. ஒருமுறை பஸ் வழியில் நின்றுவிட, வேலந்தாவளத்திலிருந்து உச்சிவெயிலில் வெறும் வயிற்றோடு நடந்து வந்து, வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்த மயிலாத்தாள் வலது மடி புடைத்திருப்பதைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இத்தன கருப்பட்டி வெச்சிருக்கறீங்க. ஒரு துண்டு வாயில போட்டிருந்தா என்னங்க?”

“அது என்னுதில்லையே” என்றார் ஆறுமுகசாமி.

அது யாருடையது என்று சொல்ல வேண்டும்.

எழுபத்து மூன்றாம் வருட மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் கைவிட்டதுபோலப் பேசினார்கள். மயிலாத்தாள் அன்றைக்கே தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குலதெய்வமான கருப்பராயனுக்கு வேண்டிக்கொண்டாள். ‘இந்த உசுர எங்கிட்டக் குடுத்துரு அய்யா, பதிலுக்கு ஒரு கருங்கிடா வெட்டறேன்.’ காய்ச்சல் இறங்கியது. அவர் எழுந்து நடந்ததும் அவள் செய்த முதல் வேலை, சந்தைக்குப் போய் உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத குட்டியாகப் பார்த்துப் பிடித்து வந்ததுதான்.

“பேரு கீரு வெச்சுப்போடாதீங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். “பேரு வெச்சா அப்பறம் மனசு வராது.”

அவர் பேர் வைக்கவில்லை. ஆனால் பேர் இல்லாததை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, “ஏனுங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டார். கிடாக்குட்டியும் வந்தது.

“ஆட்டுக்குட்டிய ஆராச்சும் வாங்க போங்கம்பாங்களா?” மயிலாத்தாளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “கட்டிட்டு வந்து இத்தன வருசமாச்சு. என்னைய ஒருநாளாச்சும் அப்படிக் கூப்புட்டிருப்பீங்களா?”

“எனக்குப் பதிலாப் போறவரு அவரு. வாடா போடாங்க முடியுமா? நீ போறீன்னா சொல்லு, உன்னையும் கூப்படறன்.”

குட்டி வளர்ந்து கிடாவாயிற்று. கிடா முற்ற முற்ற வாடையும் முற்றியது. மோரில்கூட அந்த வாடை அடிக்கிறது என்று மயிலாத்தாள் சொன்னதால், வெள்ளிக்கிழமை தோறும் மோட்டார் அறைக்குப் பின்னால் தொட்டியடியில் நிறுத்திக் குளிப்பாட்டினார். குளிப்பாட்டிய கையோடு பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்பதால் வெளுத்த வேட்டியில் இருப்பார். கிடா உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினால் வேட்டி போயிற்று.

“அறிவிருக்கறவன் பழைய வேட்டியக் கட்டிட்டுக் குளிப்பாட்டியிருப்பான்” என்று பின்னால் சொல்லுவார். “எனக்கு அது தோணல. கெடாவுக்குப் பாடஞ்சொல்லிக் குடுக்கலாம்னு தோணுச்சு.”

பாடம் எளிமையானது. தண்ணீர் ஊற்றியதும் அவர் உள்ளங்கையைக் காட்டி, “இருங்க” என்பார். உலுக்காமல் நின்றால் வலது மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி. கிடா அதைக் கடித்துத் தின்பதற்குள் அவர் எட்டிப் போய்விடுவார். பிறகு அது நன்றாக உலுக்கிக்கொள்ளலாம். நாலைந்து வெள்ளிக்கிழமைக்குள் உள்ளங்கையும் வேண்டாம், ‘இருங்க’வும் வேண்டாம் என்றாயிற்று. மேலே தண்ணீர் பட்டால் போதும், கிடா கல்லாகி நிற்கும். கருப்பட்டி வாய்க்கு வந்த பிறகுதான் உலுக்கும். அவர் வாழ்நாளில் யாருக்காவது ஒன்றைக் கற்றுக்கொடுத்து அது தேறியது என்றால் அந்த ஒன்றுதான். ஆனால் வெளியில் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நேர்ந்துவிட்ட கிடாவுக்குக் கருப்பட்டி ஊட்டுகிறார் என்று தெரிந்தால் மயிலாத்தாள் என்ன சொல்லுவாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் சத்தம் கேட்டு, கருப்பட்டி கொடுக்க மறந்து ஓடிவிட்டார். சாயங்காலம் திரும்பியபோது மயிலாத்தாள் சொன்னாள்: “கிறுக்குப் புடிச்ச கெடாவுங்க உங்களுது. சொட்டச் சொட்ட நனஞ்சுபோட்டு, மேல் காயற மட்டும் வெயில்ல அப்படியே நிக்குது. ஒரு சிலுப்புக்கூடச் சிலுப்பல.”

அன்றைக்கு அரை அச்சுக் கருப்பட்டியை மோட்டார் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் ஊட்டிவிட்டு, “தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோங்க” என்று கிடாவிடம் மெல்லச் சொன்னார்.

கருப்பராயன் கோயில் நோன்புத் திருவிழா வந்தது. கிடாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டினார்கள். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியபோது கிடா எழப் பார்த்தது. “எந்திரிக்காதீங்க, படுத்துக்கோங்க” என்றார் ஆறுமுகசாமி. உள்ளே வயதானவர் யாரோ உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார் என்று நினைத்து, சாவடிக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். “ஆரா அகத்து?” என்று மலையாளத்தில் விசாரித்தார்.

“இவருதானுங்க” என்று கிடாவைக் காட்டினார். மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கோயிலில் அவள் தம்பி ரத்தினசாமி முன்னதாகவே வந்து பந்தல் போட்டிருந்தான். சொந்தக்காரர்கள் திரண்டிருந்தார்கள். மசாலா அரைத்து உருண்டையாக இலையில் இருந்தது. அடுப்பில் உலை கொதித்தது. கிடா ஒன்றுதான் பாக்கி.

பூசாரி கிடாவுக்கு மாலை போட்டுச் சொம்பில் தண்ணீர் எடுத்தார். கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பை உலுக்க வேண்டும். துலுக்குக் கொடுப்பது என்பார்கள். உலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. உலுக்காத கிடாவின் மேல் கத்தி வைக்கக் கூடாது. ஆறுமுகசாமியும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ துலுக்குப் பார்த்தவர். ஆனால் பூசாரி சொம்பைத் தூக்கிய பிறகுதான், தன் வேட்டியும் வெள்ளிக்கிழமைகளும் அவருக்கு நினைவு வந்தன.

தண்ணீர் விழுந்தது. கிடா கல்லாகி நின்றது. தலையைத் திருப்பி அவருடைய வலது மடியைப் பார்த்தது.

“ஆகட்டும், அவசரமில்ல” என்றார் பூசாரி. எல்லோரும் காத்திருந்தார்கள். கிடாவின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மச்சான், உங்க கெடா உங்களையாட்டமே இருக்குது” என்றான் ரத்தினசாமி. “எதுக்கும் அசையறதில்ல.”

சிலர் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. “மூணு வட்டம் தெளிப்பன். மூணாவதுக்கும் துலுக்கலீன்னா அய்யன் வேண்டாங்கறாருன்னு அர்த்தம். ஓட்டிட்டுப் போயிர வேண்டியதுதான்.”

இரண்டாவது தடவை காதுக்குள்ளும் கொஞ்சம் ஊற்றினார். கிடா கண்ணை ஒருதரம் மூடித் திறந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது. குடும்பத்தில் ஏதோ குற்றம் என்றார் ஒருவர். ரத்தினசாமி தன் தலையைத் தானே தடவிக்கொண்டு, வரும் வழியில் ஒரே ஒரு சொட்டுக் கள்ளு குடித்ததாகவும், அதற்குச் சாமி இத்தனை தூரம் கோபித்துக்கொள்ளாது என்றும் சொன்னான். மயிலாத்தாள் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன். வாயில கெடான்னு வேண்டினனுங்க. அத்தன காசுக்கு எங்க போறதுன்னு மனசுக்குள்ள சேவல்னு ஒருக்கா நெனச்சுப்போட்டேன்.”

“அது பரவால்ல அம்மிணி” என்று பூசாரி தேற்றினார். “வேண்டாங்கறாருன்னா வேண்டாங்கறாரு.”

“கெடா வேண்டாம்னா,” மயிலாத்தாள் மெதுவாகக் கேட்டாள், “அப்பறம் ஆரு வேணுங்கறாருங்க?”

எல்லோரும் ஆறுமுகசாமியைப் பார்த்தார்கள்.

அவர் சாமி இல்லை என்கிற ஆளல்ல. கருப்பராயனின் உருட்டு விழியை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குப் பயம். காய்ச்சலில் கிடந்தபோது கூரையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்த வெளிச்சமும், அதைப் பார்ப்பது அன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டதும் நன்றாக நினைவிருந்தன. அந்தக் கணக்கை இப்போதே தீர்த்துவிடலாம். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு துண்டு கருப்பட்டியை நீட்டினால் போதும். கிடா தின்னும், உலுக்கும். அய்யன் ஏற்றுக்கொண்டார் என்று குலவை போடுவார்கள். மயிலாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டு உலையில் அரிசி போடப் போய்விடுவாள்.

பூசாரி மூன்றாவது சொம்பைக் கவிழ்த்தார்.

கிடா அசையாமல் நின்று ஆறுமுகசாமியின் முகத்தை நேராகப் பார்த்தது. அந்தப் பக்கம் மயிலாத்தாளும் அவர் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கை, பழகிய கை, அவரைக் கேட்காமலே வலது மடிக்குள் போய் ஒரு துண்டை எடுத்துவிட்டது. கிடா மூக்கை விரித்தது.

ஆறுமுகசாமி முகத்தைத் திருப்பி, மீசையைத் துடைத்துக்கொள்கிறவர்போலக் கையை உயர்த்தி, அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.