இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்

பீரோவின் அடித்தட்டில், என் பட்டுச் சேலைகளுக்குக் கீழே ஓர் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த, சாண் உயரம்கூட இல்லாத உருளை. ஒரு நாளும் எண்ணெயைப் பார்க்காதது. அதைத் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி மருமகள் சலித்துவிட்டாள்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் பதினாலு பேர், பின்கட்டில் நான்கு விசைத்தறி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தனியாக ஓரிடத்துக்கும் போனதில்லை. சினிமாவுக்குக் கிளம்பினால்கூட நாத்தனார், கொழுந்தன், அவர்கள் சிநேகிதர்கள் என்று ஒரு ஜமா கூடவே வரும். அப்படிப்பட்ட வீட்டில் அவர், மலை எஸ்டேட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரிடம் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து நிறுத்தினார். ஒரு மூட்டை நூல் ஏற்ற முடியாத வண்டி எதற்கு என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் என் காதில் மட்டும் சொன்னார்: "ஏட்டி, இதுல ரெண்டு பேருதான் உக்கார முடியும். சாரல் விழட்டும், குத்தாலம் போவோம்."

ஆனியில் சாரல் விழுந்தது. ஆனால் காரின் ஃபில்டர் நைந்து போயிருந்தது. புதுசு போடாமல் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம். பழையதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ராஜபாளையம், திருநெல்வேலி என்று பஸ்ஸில் அலைந்தார். நான் அளவெடுத்துக் கொடுத்த நூல் அவர் சட்டைப் பையில் இருக்கும்: உயரத்துக்கு ஒரு முடிச்சு, சுற்றளவுக்கு ஒரு முடிச்சு. ஜீப்பின் ஃபில்டர் விரல்கடை உயரம் கூடி, அதை மூடும் கிண்ணம் பொருந்தவில்லை. டிராக்டருடையது உயரம் சரி, நடுத் துளை பெரிது. எண்ணெய் வடிகட்டப்படாமலே ஓரமாகப் போய்விடுமாம். திருநெல்வேலிக் கடைக்கார அண்ணாச்சி, "மெட்ராஸுக்கு எழுதிப் போடுதேன், மூணு வாரம் பொறுங்க" என்றாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள் வந்துவிடுவார்கள், பிறகு எங்கே குற்றாலம்? "பழைய லாரியில எல்லாம் ஃபில்டருக்குள்ள நூல்தான் அடைப்பாங்கன்னு நீங்கதான சொன்னிய? நம்ம வீட்டுல நூலுக்கா பஞ்சம்?" என்றேன். அவர் தயங்கினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் கொஞ்சம் எடுத்துச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் திணித்துப் பூட்டினார்.

புளியங்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால், இன்ஜினில் எண்ணெய் ஓடாவிட்டால் எரியும் விளக்கு சிவப்பாக எரிந்தது. நிறுத்துவதற்குள் இன்ஜின் கடகடவென்று அடித்து இறுகிவிட்டது. கிண்ணத்தைக் கழற்றி, நூலைத் தொட்டுப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். தறியில் அறுந்துபோகாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கும். அது சூட்டில் உதிர்ந்து, கசடாகி, எண்ணெய் போகும் வழியை அடைத்துவிட்டது. தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. அவருக்கும்தான்.

கட்டி இழுக்க லாரி வரும்வரை மூன்று மணி நேரம் அந்தக் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். மேற்கேயிருந்து ஈரக்காற்று வந்தது. கட்டிக் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். நான் அழுதேன். "எதுக்கு அழுவுத? குத்தாலத்துலயும் இப்படித்தான உக்காந்திருப்போம்" என்றார். வீட்டில் கேட்டவர்களிடம் கடைசிவரை, தப்பான ஃபில்டரை வாங்கி மாட்டிவிட்டேன் என்றே சொன்னார். தெருவே அவரைக் கேலி பண்ணியது. நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் என்னைக் குத்துகிறது.

தபசுக் கூட்டத்துக்கு நடுவே மெட்ராஸிலிருந்து ஃபில்டர் பார்சல் வந்தது. நான் போட்ட நூல் முடிச்சுக்கு அளவு மயிரிழை பிசகவில்லை. மாமியாரின் வாய்க்கு அஞ்சி, காரை அதற்கு முந்தின வாரமே பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். அப்புறம் பிள்ளைகள், தறி, கவலை. குற்றாலத்துக்கு எத்தனையோ முறை போனோம், எப்போதும் வேன் நிறைய ஆட்களோடு. அவர் போய் நாலு வருஷமாகிறது.

போன ஆடியில் மகன் புதுக் காரில் எல்லோரையும் குற்றாலம் கூட்டிப்போனான். நான் பீரோவிலிருந்து ஃபில்டரை எடுத்து வந்து பின்சீட்டில் என் பக்கத்தில் வைத்தேன்.

"இதைக் கீழ வைங்க அத்த, பிள்ள உக்காரட்டும்" என்றாள் மருமகள்.

"இல்ல தாயி, ஒங்க மாமாவுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்" என்றேன்.